அப்பாக்களின் பந்தயம்

1953இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் டான் மர்ஃபி என்பவர் சிறுவர் சாரணர்களுக்கு மரக்கார்ப் பந்தயம் தொடங்கினார். பிள்ளைகள் உட்கார்ந்து ஓட்டும் சோப்புப்பெட்டிக் கார்ப் பந்தயத்துக்கு அவர் மகனுக்கு வயது போதவில்லை. ஒரு பைன் கட்டை, நான்கு சக்கரம், எடை 5 அவுன்ஸுக்குள். எஞ்சின் கிடையாது, சரிவே ஓட்டிவிடும். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து செய்ய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

அந்தப் பந்தயம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தால்? கட்டைக்குப் பஞ்சமில்லை, ரப்பர் மரம் இருக்கிறது. மறுவாரமே ஜாலான் துன் சம்பந்தனில் ‘மரக்கார் டியூஷன்’ பலகை தொங்கும். அப்பா இழைப்பார், அம்மா சமையல் தராசில் நிறுப்பார், மாமா அச்சாணிக்கு கிராஃபைட் தூவுவார். கை நீட்டும் பிள்ளைக்கு, “தொடாதய்யா, கெட்டுப்போயிரும். போய்க் கணக்குப் போடு!” பரிசு வாங்க மட்டும் அவன் மேடையேறியாக வேண்டும். புலனக் குழுவில் அப்பா படம் போட வேண்டாமா?