மரத்துப் போன பாதத்துக்கு யார் சாட்சி?

கேள்வி: என் மகள் சிகாகோ பக்கத்தில் பாத மருத்துவம் படிக்கிறாள். முதல் வருடம் முடிந்து கோடை விடுமுறை வந்தும் ஊருக்கு வரவில்லை. கேட்டால் 'ரிசர்ச்' என்கிறாள். டாக்டருக்குப் படிக்கிற பெண்ணுக்கு ரிசர்ச் எதற்கு? (ஒரு தாய், தஞ்சாவூர்)

பதில்: ஏக்கம் புரிகிறது அம்மா. ஆனாலும் இந்த ஒரு கோடையை அவளுக்கு விட்டுக்கொடுங்கள். நான்கு வருடப் படிப்பில் அவளுக்குக் கிடைக்கிற நீண்ட விடுமுறை அநேகமாக இது ஒன்றுதான். அடுத்து போர்டு தேர்வு, பிறகு வார்டு, பட்டம் வாங்கியதும் ரெசிடென்சி என்கிற மூன்று வருட மருத்துவமனைப் பயிற்சி என்று ஓட வேண்டியிருக்கும். மருத்துவ மாணவர்கள் இந்த இடைவெளியில் ஆய்வு பழக வேண்டும் என்பதற்காகவே அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 'டி-35' என்ற பெயரில் நிதி கொடுக்கின்றன. இரண்டு மூன்று மாதப் பயிற்சி, கையில் உதவித்தொகையும் உண்டு.

அங்கே என்ன செய்வாள்? நோயாளிக்கு எதிரே உட்கார்ந்து, இந்த ஆய்வு என்ன, சேர்ந்தால் என்ன நடக்கும், பாதியில் விலகலாமா என்பதையெல்லாம் அவருக்குப் புரிகிற பேச்சில் சொல்லப் பழகுவாள். பிறகு காலைக் கையில் எடுப்பாள். புண்ணின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் நீள்சதுரத்தின் பரப்புதான் வரும். புண் நீள்சதுரமாக இருப்பதில்லை, ஆகவே கணக்கு கூடிப்போகும். அதனால் புண்ணின் விளிம்பை ஒட்டியே கோடு வரைந்து பரப்பை எடுப்பாள். போன வாரம் அளந்தவர் இறந்த தோலைச் சீவிய பிறகு அளந்திருக்க, இந்த வாரம் இவள் சீவுவதற்கு முன் அளந்தால், ஆறாத புண்ணும் ஆறியதாகக் காகிதத்தில் பதிவாகிவிடும். 'ஆறிவிட்டது' என்ற சொல்லுக்கே அங்கே சட்டம் இருக்கிறது. தோல் முழுக்க மூடி, கசிவு நின்று, டிரஸ்ஸிங் தேவைப்படாமல், இரண்டு வாரம் கழித்துப் பார்க்கும்போதும் அப்படியே இருக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2006-லேயே வழிகாட்டியது. இந்தக் கண்டிப்பு ஒரு கோடையில் அவளுக்குள் ஊறிவிட்டால், பிற்காலத்தில் அவளிடம் வருகிற ஒவ்வொரு நோயாளிக்கும் அது லாபம்.

கேள்வி: போடியாட்ரிஸ்ட் என்கிற பாத மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்தவரா? (பிளஸ் டூ மாணவர், நெல்லை)

பதில்: இல்லை. அமெரிக்காவில் அது தனிப் பட்டம், டி.பி.எம். என்பார்கள். கல்லூரிப் படிப்புக்கு மேல் நான்கு வருடம் படித்து, மூன்று வருடம் ரெசிடென்சி முடித்தால் பாதத்திலும் கணுக்காலிலும் அறுவை சிகிச்சை வரை செய்வார். அங்கே இதற்கு 11 கல்லூரிகள் இருக்கின்றன. செருப்பிலும் கால் ஆணி பிளாஸ்டரிலும் பார்க்கிற 'ஷோல்' என்ற பெயருக்கு உரியவர் 1912-இல் தொடங்கிய கல்லூரியும் அவற்றில் ஒன்று. நம் ஊரில் இதே வேலையைப் பொது அறுவை மருத்துவரும் சர்க்கரை நோய் மருத்துவரும் ரத்தக்குழாய் நிபுணரும் பங்குபோட்டுச் செய்கிறார்கள்.

கேள்வி: எங்கள் டாக்டருக்கு நல்ல கைராசி. முப்பது வருட அனுபவத்துக்கு முன்னால் ஆராய்ச்சி என்ன பெரிசு? (ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்)

பதில்: அனுபவத்தை நானும் மதிக்கிறேன் ஐயா. ஆனால் குணமானவர் நன்றி சொல்லத் திரும்பி வருவார். குணமாகாதவர் வேறு டாக்டரிடம் போய்விடுவார். டாக்டரின் நினைவில் தங்குவது முதல் ஆள்தான். அதிலும் சர்க்கரை நோயால் மரத்துப் போன பாதத்துக்கு வலி தெரியாது. சிகிச்சை சரியில்லை என்று அந்தக் காலே சொல்லாது. எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை பார்ப்போம். உள்ளங்கால் புண்ணுக்கு முக்கிய சிகிச்சை அதன்மேல் விழுகிற பாரத்தைக் குறைப்பது. முழங்காலுக்குக் கீழே காலோடு ஒட்டிப் போடுகிற மாவுக்கட்டு ஒரு வழி. கழற்றி மாட்டுகிற பூட்ஸ் இன்னொரு வழி. ஆய்வுக்கூடத்தில் அழுத்தம் அளந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பாரத்தைக் குறைத்தன. அப்படியானால் சுலபமான பூட்ஸே போதும் என்று அனுபவம் சொல்லும். டேவிட் ஆம்ஸ்ட்ராங் என்ற பாத மருத்துவரும் அவர் குழுவினரும் 63 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்துச் சோதித்தார்கள். முடிவு 2001-இல் வெளிவந்தது. 12 வாரத்தில் மாவுக்கட்டு போட்டவர்களில் 89.5 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது. பூட்ஸ் போட்டவர்களில் 65 சதவீதம் பேருக்குத்தான் ஆறியது.

பாரம் ஒரே மாதிரி குறையும்போது பலன் ஏன் வேறுபட வேண்டும்? அடுத்த ஆய்வு அதைத் தேடிப் போனது. 20 பேரின் இடுப்பில் ஒரு நடை அளவி, பூட்ஸில் ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டால், அன்றாடம் அவர்கள் நடந்த நடையில் 28 சதவீதம்தான் பூட்ஸோடு நடந்தது. மிச்சத்தை வெறும் காலோடோ வேறு செருப்போடோ நடந்திருக்கிறார்கள். வலி இல்லாத காலுக்கு எதற்கு இந்தப் பாரம் என்று கழற்றி வைத்திருப்பார்கள். இது 2003.

மூன்றாவது படி எளிமையானது. அதே பூட்ஸை மாட்டி, கழற்ற முடியாதபடி மேலே ஒரு சுற்றுக் கட்டுப் போட்டார்கள். 2005-இல் 50 பேரிடம் நடந்த ஆய்வில், கழற்ற முடியாதவர்களில் 82.8 சதவீதம் பேருக்கு ஆறியது. கழற்ற முடிந்தவர்களில் 51.9 சதவீதம். புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை. ஒரு கேள்வியின் பதிலிலிருந்து அடுத்த கேள்வியைச் சரியாகக் கேட்டார்கள், அவ்வளவுதான். மாணவர் பயிற்சியில் நான் மிக மேலாக நினைப்பது இந்தப் பழக்கத்தைத்தான். கைராசிக்காரர் பூட்ஸ் கொடுத்துவிட்டு, ஆறாததற்கு நோயாளியின் சர்க்கரையைத் திட்டியிருப்பார்.

கேள்வி: பாத ஆராய்ச்சிக்கு எங்கள் ஊர்தான் தொடக்கம் என்று தாத்தா பெருமையடிப்பார். உண்மையா? (கல்லூரி மாணவி, வேலூர்)

பதில்: தாத்தா பெருமைப்படக் காரணம் இருக்கிறது. 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர் பால் பிராண்ட். 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயில் விரலும் பாதமும் அழுகி உதிர்கின்றன என்றுதான் அப்போது ஊரும் உலகமும் நம்பிக்கொண்டிருந்தன. கிருமி சதையைத் தின்பதால் அல்ல, உணர்ச்சியற்ற காலில் நாள்தோறும் படுகிற காயத்தாலும் அழுத்தத்தாலும்தான் புண் வருகிறது என்று நோயாளிகளைக் கூடவே இருந்து கவனித்துக் காட்டியவர் அவர். 1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற ஊரிலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் மரத்த பாதத்திலும் அதே கதை நடப்பதைக் கண்டார். மாவுக்கட்டு சிகிச்சை அமெரிக்காவில் பரவியதற்கு அவர் பெரிய காரணம்.

பிராண்டுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பாதத்தைக் கையால் தடவி, எந்த இடம் மற்றதைவிடச் சுடுகிறது என்று பார்ப்பார். புண் வருவதற்கு முன்பே அந்த இடம் சூடாகிவிடும் என்பது அவர் கண்ட உண்மை. கை சொன்னது சரிதானா என்று எண்ணிக் காட்டியவர்கள் பின்னால் வந்த பாத மருத்துவர்கள். லாரன்ஸ் லாவெரியும் சகாக்களும் நோயாளிகளின் வீட்டுக்கே தெர்மாமீட்டர் கொடுத்தார்கள். இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தை ஒப்பிட்டு, 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நடையைக் குறைத்துக்கொண்டு நர்ஸுக்குச் சொல்ல வேண்டும். 2007-இல் வெளிவந்த ஆய்வில் 173 பேர், 15 மாதம். தெர்மாமீட்டர் வைத்திருந்தவர்களில் 8.5 சதவீதம் பேருக்குப் புண் வந்தது. தெர்மாமீட்டர் இல்லாத மற்ற இரண்டு குழுக்களிலும் ஏறக்குறைய 30 சதவீதம்.

இன்று சர்க்கரை நோய் மருத்துவமனைகளில் உள்ளங்காலில் நைலான் இழை ஒன்றை வைத்து, 'தெரியுதா?' என்று கேட்கிறார்களே, அந்த இழை 10 கிராம் அழுத்தத்தில் வளைய வேண்டும் என்ற அளவும் கார்வில் ஆய்விலிருந்து வந்ததுதான், 1986-இல்.

கேள்வி: என் புராஜெக்டில் 30 நோயாளிகள். இரண்டு காலையும் அளந்திருக்கிறேன். 60 பாதங்கள் என்று எழுதினால் எண்ணிக்கை கூடுமே? (பிசியோதெரபி மாணவி, கோவை)

பதில்: எண்ணிக்கை கூடும், உண்மை கூடாது. ஒரே ஆளின் இரண்டு காலுக்கும் ஒரே எடை, ஒரே வயது, ஒரே சர்க்கரை, ஒரே செருப்பு. ஒன்று எப்படியோ மற்றதும் அநேகமாக அப்படித்தான். அதைத் தனித்தனி ஆள் போல எண்ணினால், இல்லாத பலம் உங்கள் முடிவுக்கு வந்துவிடும், தற்செயலான வித்தியாசம்கூடக் கண்டுபிடிப்பு போலத் தெரியும். ஹில்டன் மென்ஸ் என்ற ஆஸ்திரேலியப் பாத ஆய்வாளர் 2004-இல் இதற்காகவே ஒரு கட்டுரை எழுதினார். ஆளுக்கு ஒரு காலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது இரண்டு காலும் ஒரே ஆளுடையவை என்பதைக் கணக்கில் சேர்க்கிற புள்ளியியல் முறையைக் கையாளுங்கள். புள்ளியியல் தெரிந்தவரிடம் அளப்பதற்கு முன்பே போங்கள். அளந்து முடித்த பிறகு போனால் அவராலும் பெரிதாக உதவ முடியாது.

கேள்வி: குதிகால் வலிக்கு அளவெடுத்துச் செய்கிற இன்சோல் வாங்கச் சொல்கிறார்கள். விலை மலைக்க வைக்கிறது. (தையல்காரர், ஈரோடு)

பதில்: ஆஸ்திரேலியாவில் 135 பேரை வைத்துச் சோதித்து 2006-இல் எழுதினார்கள். அளவெடுத்துச் செய்தது, கடையில் தயாராக விற்பது, பேருக்கு வைத்த மெல்லிய போலி என்று மூன்று வகை. முதல் சில மாதங்களில் முதல் இரண்டும் கொஞ்சம் உதவின, அவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மூன்று குழுவும் கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருந்தன. சாதாரண குதிகால் வலி என்று டாக்டர் உறுதி செய்திருந்தால், தயார் இன்சோலிலிருந்து தொடங்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். பாதம் மரத்திருந்தாலோ வளைந்திருந்தாலோ இந்தப் பதில் உங்களுக்குப் பொருந்தாது.

கேள்வி: ஆய்வு என்ற பெயரில் ஏழை நோயாளியைச் சோதனை எலி ஆக்குவது நியாயமா? (வாசகர், ராமநாதபுரம்)

பதில்: நியாயமே இல்லை. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட ஏழைக் கறுப்பின ஆண்களுக்கு என்ன நோய் என்று சொல்லாமலும், பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமலும், நோய் எப்படிப் போகிறது என்று அரசே வேடிக்கை பார்த்தது. அந்தக் கொடுமை வெளிவந்த பிறகுதான் ஆய்வில் சேர்கிறவர்களைக் காக்க 1974-இல் சட்டம் வந்தது, அதற்கான நெறிகளைச் சொல்லும் பெல்மான்ட் அறிக்கை 1979-இல் வந்தது. அதனால்தான் இன்று அங்கே ஒரு மாணவர் நோயாளியிடம் ஆய்வு பற்றிப் பேசுவதற்கு முன்பே நெறிமுறைப் பாடத்தை முடித்தாக வேண்டும், நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். நம் நாட்டிலும் மருத்துவச் சோதனைகளைப் பதிவு செய்ய 2007 முதல் சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேடு இருக்கிறது, 2009 முதல் பதிவு கட்டாயம். யாராவது உங்களைச் சோதனையில் சேரச் சொன்னால் பதிவெண்ணைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள். ரெசிடென்சி இடம் பிடிக்கத்தானே மாணவர்கள் பேப்பர் போடுகிறார்கள்? (மருத்துவ மாணவர், சென்னை)

பதில்: பலர் அதற்காகவும் போடுகிறார்கள். கல்லூரிகள் எண்ணிக்கையைப் பார்த்து மார்க் போடுகிறவரை இது மாறாது. ஒரே நோயாளியின் கதையைப் போஸ்டராக ஒட்டிவிட்டு ஆராய்ச்சி செய்தேன் என்பதைவிட, ஒரு நல்ல ஆய்வில் ஒரு வருடம் புண்களைப் பிழையில்லாமல் அளந்து கொடுத்த மாணவர் எனக்கு உயர்ந்தவர். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்று நேர்மையாக எழுதினால் இன்னும் உயர்ந்தவர். தேர்வுக் குழுக்களும் அப்படிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: பத்து வருடமாகச் சர்க்கரை. போன வருடம் கால் புண் ஆறிவிட்டது. இந்த ஆய்வுகளால் எனக்கு என்ன பயன்? (மளிகைக் கடைக்காரர், திண்டுக்கல்)

பதில்: உங்களுக்குத்தான் ஐயா அதிகப் பயன். ஆறிய புண் ஒரு வருடத்துக்குள் சுமார் 40 சதவீதம் பேருக்கும், ஐந்து வருடத்துக்குள் சுமார் 65 சதவீதம் பேருக்கும் திரும்ப வருகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் எழுதினார்கள். ஆகவே ஆறிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். கடையில் நாள் முழுக்க நிற்கிறவர் நீங்கள். எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பை வீட்டுக்குள்ளும் கழற்றாதீர்கள். ராத்திரி கடையடைத்து வந்ததும் இரண்டு உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பாதம் மற்றதைவிடச் சூடாக இருந்தாலோ, சிவப்போ கொப்புளமோ தெரிந்தாலோ, மறுநாள் கடையைத் திறப்பதற்கு முன் டாக்டரிடம் போங்கள்.