விஸ்காம் எனும் விஞ்ஞானம்

தமிழ்நாட்டில் விஸ்காம் எனும் விஷுவல் கம்யூனிகேஷன் படிப்பவர்களில் பெரும்பாலோர் வாங்குவது பி.எஸ்சி. பட்டம். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலுக்குப் பயந்து ஓடிவந்த பிள்ளை, மூன்றே வருடத்தில் விஞ்ஞானப் பட்டதாரி!

பட்டத்துக்குப் பல பல்கலைக்கழகங்களில் 140 கிரெடிட் சேர்க்க வேண்டும். பகுதி ஒன்றில் தமிழ், இரண்டில் ஆங்கிலம், மூன்றில் கேமரா, நான்கில் சுற்றுச்சூழல், ஐந்தில் என்.எஸ்.எஸ். துடைப்பம். அடுத்த மணிரத்னம் ஆகவேண்டியவர் அரியர் வைப்பது அநேகமாகச் சுற்றுச்சூழலில்தான்.

விருப்பப் பாடத் தேர்வு இன்னும் ருசிகரம். பட்டியலில் ஆவணப்படம், அனிமேஷன், ஊடக மேலாண்மை என்று மூன்று இருக்கும். முதலாவதுக்கு ஆசிரியர் இல்லை. இரண்டாவதைத் தாங்கும் கம்ப்யூட்டர் இல்லை. “எல்லாரும் மூணாவதை டிக் பண்ணுங்கப்பா” என்று துறைத்தலைவர் சொல்ல, வகுப்புப் பிரதிநிதி கையெழுத்து வாங்கிப் போவார். ஜனநாயகம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

பிறகு பதிவு. சர்வர் அன்றைக்கென்று படுத்துக்கொள்ளும். கடைசித் தேதி நீட்டிப்பு பற்றிய சுற்றறிக்கையை ஒளிப்பதிவில் முதல் மார்க் வாங்கிய சீனியர் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார். ஸ்டேப்ளர் பின் துல்லியமாகத் தெரியும். தேதி மட்டும் அவுட் ஆஃப் ஃபோகஸ்.