மைக்ரான் சார்

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் படப்பை தாண்டி ஒரகடம் வரைக்கும் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் நுழைந்தாலும் அவரைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் மண்டி போட்டு உட்கார்ந்திருப்பார். ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்து ஒதுங்கிப் போகிறவர்கள் உண்டு. கிட்டே போனால்தான் தெரியும், பம்பருக்கு நேரே டார்ச் அடித்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருக்கிறார் என்று.

எங்கள் குடியிருப்பில் அவருக்கு மைக்ரான் சார் என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் அசோசியேஷன் ரிஜிஸ்டரில் இருக்கிறது. அதை யாரும் திறந்து பார்த்ததில்லை.

கார்த் தொழிற்சாலை ஒன்றின் பெயிண்ட் ஷாப்பில், தரம் பார்க்கும் பிரிவில் வேலை. பகல் போல வெள்ளை விளக்கு எரியும் சுரங்கத்துக்குள் வண்டிக்கூடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து வரும். பெயிண்டில் ஒரு தூசி மாட்டியிருந்தாலும் இவர் கண் பிடித்துவிடும். அந்த இடத்தை மட்டும் மெல்லிய உப்புத்தாளில் தடவி, கையடக்க மெஷினில் பாலிஷ் போட்டு அனுப்புவார்கள். வாரத்தில் ஆறு நாள் இந்தக் கண்ணுக்குச் சம்பளம் கிடைக்கிறது. ஏழாம் நாள் அது சும்மா இருக்குமா? கல்யாணப் பந்தியில் எவர்சில்வர் தம்ளரை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். “பஃபிங் கோடு தெரியுது பாருங்க சார்” என்பார். பாயசம் ஆறிப்போய் ஏடு கட்டியிருக்கும்.

இந்த ஜாதி மனிதர் நம் ஊருக்குப் புதுசு. அம்பாசடர் காலத்தில் ரப்பிங் பாலிஷ் என்றால், ஒரு டப்பா காம்பவுண்டும் ஒரு கை காட்டன் வேஸ்ட்டும் பெயிண்ட்டரின் தோள்பட்டையும்தான். 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998இல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான், 2012இல் டைம்லரின் லாரித் தொழிற்சாலை. நெல் விளைந்த பூமியில் பெயிண்ட் ஷாப்புகள் முளைத்தன. கூடவே மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை மனசாட்சியாக வைத்துக்கொண்டிருக்கும் ஒரு தலைமுறையும் முளைத்தது. ஆராய்ச்சியாளர்கள் வேலைவாய்ப்பைக் கணக்கெடுத்தார்கள், ஏற்றுமதியைக் கணக்கெடுத்தார்கள். இதை விட்டுவிட்டார்கள்.

“உங்க கார் மேல இருக்கிற மொத்த பெயிண்டும் நூறு, நூத்தி இருபது மைக்ரான்தான் சார். நாலு அடுக்கு. மேலாப்பில கண்ணாடி மாதிரி இருக்கிற கிளியர் கோட் அதுல நாப்பது இருந்தா ஜாஸ்தி. ஒரு தலைமுடி எழுபது மைக்ரான். உங்க முடி ஒண்ணை எடுத்துக்கிட்டீங்கன்னா…” என்று என் தலையைப் பார்த்தவர் சற்றுத் தயங்கி, “பொதுவா சொல்றேன்” என்று முடித்துக்கொண்டார்.

அந்த நாற்பது மைக்ரானுக்குள் அவருடைய முழு வாழ்க்கையும் நடக்கிறது. வேலை நாட்களில் தலைக்குக் கிரீம் கிடையாது, சட்டைக்கு சென்ட் கிடையாது. சிலிக்கோன் கலந்த வஸ்து துளி பறந்து வந்து ஈரப் பெயிண்டில் விழுந்தால்கூடப் போதும், பெயிண்ட் அந்த இடத்தை விட்டு ஒதுங்கி அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்துவிடும். ஞாயிறன்று மட்டும் ஆசை தீர சென்ட் அடித்துக்கொள்வார். அடித்துக்கொண்டு நேரே போய்க் காரடியில் படுத்துவிடுவார். வாசனையை அனுபவிப்பது சைலன்சர்தான்.

ராமானுஜர் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் குடியிருப்பதாலோ என்னவோ, ரகசியம் காக்கும் வழக்கம் இவருக்கும் இல்லை. அவர் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடையாய் நடந்து கேட்ட மந்திரத்தைக் கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் சொன்னார். இவருக்குக் கோபுரம் வேண்டாம், லிஃப்ட் போதும். கீழ்த்தளத்தில் ஏறினால் நான்காவது மாடி வருவதற்குள், கம்பளிப் பேடுக்கும் ஃபோம் பேடுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ராமானுஜரிடம் மந்திரம் கேட்கக் கூட்டம் இருந்தது என்பது ஒன்றுதான் வேறுபாடு.

பாலிஷ் மெஷினில் மாட்டும் இந்தப் பேடுகளை டிக்கியில் ஸ்டெப்னிக்கு மேலே ஒரு பெட்டியில் வைத்திருக்கிறார். பழைய மிராசுதார்கள் வெற்றிலைச் செல்லத்தைத் திறப்பதுபோல் திறப்பார். முதலில் கம்பளி: முரட்டு ஆசாமி, ஆழமான கோட்டையும் வெட்டி எடுத்துவிடும், போன வழியில் தன் தடத்தையும் விட்டுப் போகும். அடுத்து மைக்ரோஃபைபர். அதற்கப்புறம் ஃபோமிலேயே வெட்டுவதற்கு ஒன்று, வழவழப்புக்கு ஒன்று, கடைசி மினுக்குக்கு ஒன்று. அஞ்சு அங்குலத்தில் ஒரு வரிசை. கண்ணாடி ஓரத்துத் தூணுக்கும் கைப்பிடிச் சந்துக்கும் மூணு அங்குலத்தில் இன்னொரு வரிசை.

“பாட்டில்ல ஒண்ணுமே இல்ல சார், பேட்தான் பாதி. ஒரே சீயக்காய்தான். நாரில போட்டுத் தேய்ச்சா ஒரு மாதிரி, பஞ்சுல தொட்டுத் தேய்ச்சா ஒரு மாதிரி. அதே பாலிஷ் கெட்டியான பேட்ல வெட்டும், மெத்துன்னு இருக்கிற பேட்ல மினுக்கும்.”

இது எனக்கே புரிந்தது. நிறம்தான் புரியவில்லை. ரூபெஸ் என்கிற இத்தாலிக் கம்பெனியில் நீலப் பேட் என்றால் கரடு, மஞ்சள் மென்மை, வெள்ளை அதைவிட மென்மை. 3எம் கம்பெனியில் பச்சைதான் வெட்டும், மஞ்சள் நடுவில், நீலம் கடைசி மினுக்குக்கு. அதாவது ஒரு வீட்டு நீலம் தோலை உரிக்கும், இன்னொரு வீட்டு நீலம் முதுகைத் தடவிக்கொடுக்கும். கொடி ஒன்றாக இருக்கிறதே என்று நம்பி ஓட்டுப் போட்ட கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டம்மா உதவிக்கு வந்து, “இந்தாங்க, நீலம்” என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு மைக்ரான் சார் போட்ட சத்தத்தில் மூன்றாம் மாடியில் பால் பொங்கியது. அதற்குப்பிறகு அந்த அம்மாள் எந்த நிறத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவர் பங்குக்கு ஒன்று செய்தார். மொட்டைமாடிக் கொடியில் ரவிக்கைகளுக்கு நடுவே கிளிப் போட்டுக் காய வைத்திருந்த ஃபினிஷிங் பேட் ஒன்றை எடுத்துப்போய் இரண்டு வாரம் தோசைக்கல் தேய்த்தார். தெரியாமல்தான் செய்தாராம். நான் நம்பவில்லை.

எடுத்தவுடன் முரட்டுப் பேடைப் போடக் கூடாது என்பது மைக்ரான் சாரின் முதல் சட்டம். பானெட்டில் இரண்டடிக்கு இரண்டடி மாஸ்கிங் டேப்பால் கட்டம் கட்டுவார். இருப்பதிலேயே மென்மையான பேட், இருப்பதிலேயே சாதுவான பாலிஷ், பட்டாணி அளவில் நாலு சொட்டு. இடவலமாக ஒரு தரம், மேல்கீழாக ஒரு தரம். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளித்துத் துடைப்பார். பாலிஷில் உள்ள எண்ணெய் கோடுகளை நிரப்பிக்கொண்டு பொய் சொல்லுமாம். இந்த ஸ்பிரிட் பட்டால் உண்மை வெளிவந்துவிடுமாம். ரோட்டோரத்தில் அரை மணி நேரத்தில் ‘புது வண்டி’ ஆக்கித் தருகிறார்களே, அந்தப் புதுமை முதல் மழையில் கரைவது இதனால்தான் என்றார். கோடு போகவில்லையென்றால் பாலிஷை ஒரு படி ஏற்றுவார். அப்படியும் போகவில்லையென்றால்தான் பேடை மாற்றுவார். “கொஞ்சிப் பாக்கணும் சார். கேக்கலைன்னாதான் அதட்டணும்.”

பானெட்டிடம் காட்டும் இந்தப் பொறுமையில் கால்வாசியை வாட்ச்மேன் பெரியவரிடம் காட்டலாம். அவரிடம் மட்டும் ஆரம்பமே கம்பளிப் பேட்.

பெரியவர் மாசம் இவ்வளவு என்று பேசிக்கொண்டு காலையில் கார் துடைப்பவர். ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய பனியன், பதினாலு கார். முதல் காருக்கு யோகம். பதினாலாவது காருக்கு முந்தைய பதிமூன்று கார்களின் மண்ணும் சேர்ந்து வரும். இந்தச் சாலையில் எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர் லாரிகள் ராவெல்லாம் ஓடுகின்றன. விடிந்தால் ஒவ்வொரு கார் மேலும் அரிசிமாவு தூவியதுபோல் தூசி. அதை ஈரப் பனியனால் வட்டவட்டமாக இழைத்தால் வட்டவட்டமாகவே கீறும். நிழலில் தெரியாது. வெயிலில் பார்த்தால் சூரியனைச் சுற்றிச் சிலந்திவலை கட்டியிருக்கும். அதற்கு ஸ்வர்ல் என்று பெயர்.

“அது துணி இல்ல பெரியவரே, உப்புத்தாள்! என் வண்டியத் தொடாதீங்கன்னு எத்தனவாட்டி சொல்றது?”

பெரியவர் பனியனைப் பிழிந்துகொண்டே என்னிடம் சொன்னார்: “நான் தொடச்சா அழுக்குதான் சார் போவுது. இவரு தொடச்சா பெயிண்ட்டே போவுது.”

அசோசியேஷனில் இவரைப்பற்றி இரண்டு புகார். ஒன்று, காலை ஐந்தரை மணிச் சத்தம். சித்திரை வெயில் ஏறிவிட்டால் தகடு சுடும், பாலிஷ் வேலை செய்யும் முன்னே காய்ந்து மாவாக உதிரும். அதனால்தான் விடியற்காலை என்று விளக்கம் கொடுத்தார். இரண்டாவது புகார் கரண்ட். கார் நிறுத்துமிடத்து பிளக் பொது மீட்டரில் ஓடுகிறது. செயலாளர் நோட்டீஸ் ஒட்டினார். மைக்ரான் சார் அதன் கீழேயே பதில் ஒட்டினார்: மெஷின் 900 வாட், மூன்று மணி நேரம், 2.7 யூனிட், அதற்குரிய தொகை இத்துடன் செல்லோடேப்பில் இணைக்கப்பட்டுள்ளது. நோட்டீஸ் இன்னும் இருக்கிறது. சில்லறையைக் காணோம்.

அந்த மெஷினையும் சொல்லவேண்டும். ரோட்டரி என்று ஒன்று ஒரே அச்சில் சுற்றும், வேகமாக வெட்டும், கை தவறினால் விளிம்பில் பெயிண்டைப் பிய்த்துக்கொண்டு போகும். இவருடையது டிஏ, சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும், சாமி வந்த மாதிரி. அழுத்தினாலோ சாய்த்தாலோ சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே உறுமும். அது சுற்றுகிறதா, சும்மா பாவனை காட்டுகிறதா என்று பார்க்க, பேடைத் தாங்கும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டிருக்கிறார். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் சிலர்மேல் இப்படி ஒரு கோடு போட்டிருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

கார் கறுப்பு. தூசிச் சாலையில் குடியிருந்துகொண்டு ஏன் கறுப்பு என்று கேட்டேன். “கறுப்புலதான் சார் உண்மை தெரியும்” என்றார். வாங்கிய அன்று வல்லக்கோட்டை முருகனுக்குப் பூஜைக்குக் கொண்டுபோனார்கள். குருக்கள் சந்தனக் கிண்ணத்தோடு பானெட்டை நெருங்க, இவர் குறுக்கே பாய்ந்து, “சாமி, கண்ணாடியில வைங்க, கல்லுல இழைச்ச சந்தனம், துகள் இருக்கும்” என்று தடுத்தாராம். முருகன் ஒன்றும் சொல்லவில்லை. குருக்கள் தட்டைப் பார்த்தார். நூறு ரூபாய் கூடுதலாக விழுந்தது.

வேலைக்குக் கம்பெனி பஸ்தான். லாரிகளுக்குப் பின்னால் போனால் கல் தெறிக்கும். ஊருக்குப் போனால் ரயில். மழையில் கார் எடுப்பதில்லை. மழைத்தண்ணீர்கூடப் பரவாயில்லை, பிறகு கழுவும்போது எங்கள் போர்த் தண்ணீர் பட்டுக் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கு ஷேர் ஆட்டோவில் போகிறார்கள், தினமும் அப்பாவின் காரில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டு. தொடாமல் பார்க்கவேண்டும்.

போன மாதம் காரை விற்பது என்று முடிவாயிற்று. முடிவு எடுத்தவர் வீட்டம்மா. புரோக்கர் ஒருவர் வந்தார், வெள்ளைச் சட்டை, காதில் போன். காரை ஒரு சுற்று சுற்றினார். ஆறு வருஷம், பதினோராயிரம் கிலோமீட்டர். சுற்றி முடித்து உதட்டைப் பிதுக்கினார்.

“எங்க சார் அடி?”

“என்ன அடி?”

“ஆறு வருஷ வண்டி இப்படி மின்னாதுங்களே. முழுசா அடிச்சிருக்கீங்க. ஆக்சிடென்ட் வண்டிதான?”

மைக்ரான் சார் முகத்தில் அப்போது தெரிந்த வெளிச்சத்தை நான் மறக்கமாட்டேன். வாழ்நாள் முழுக்க ஒருவன் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல், பாக்கெட்டிலிருந்து பெயிண்ட் கனமளக்கும் மீட்டரை எடுத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. பட்டி பார்த்து மறுபடி அடித்த வண்டி என்றால் எண் எகிறிவிடும், நீங்களே பாருங்கள் என்றார். கூரையில் வைத்தார்: 116. கதவு: 112. பின்கதவு: 113. புரோக்கர் தலையாட்டினார். பானெட்டில் வைத்தார்.

94.

இன்னொரு இடத்தில் வைத்தார். 91.

“ஃபேக்டரி பெயிண்ட்தான், ஒத்துக்குறேன்” என்றார் புரோக்கர். “ஆனா இங்க மட்டும் எங்க சார் போச்சு?”

கட்டம் கட்டிக் கட்டிக் கொஞ்சிய ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது? பெரியவர் கொஞ்சம் தள்ளி வாளியோடு நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். புரோக்கர் இருபதாயிரம் குறைத்துச் சொன்னார். வேண்டாம் என்றதும், “யோசிச்சுச் சொல்லுங்க” என்று பானெட்டில் கை ஊன்றித் தட்டிவிட்டுப் போனார்.

ஐந்து விரலும் பதிந்திருந்தன. மைக்ரான் சார் டார்ச்சைச் சாய்த்து அதை வெகுநேரம் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். மறுபடி விரல் தடத்தைப் பார்த்தார்.

“துணியால துடைச்சா போயிடும் சார்” என்றேன்.

“மோதிரம் போட்டிருந்தான்” என்று டிக்கியைத் திறக்கப் போனார்.