36 படத் தவம்

ஓய்வுபெற்ற புகைப்படக்காரரிடம் படமெடுக்கக் கற்றுக்கொள்ளப் போனால், முதல் பாடம் ஃபிலிம் மகாத்மியம். ரோலுக்கு 36 படம்தான். அதனால் யோசித்து யோசித்து அழுத்தினார்களாம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு தட்டித் தள்ளுகிறார்களாம். சிக்கனம் எப்படியோ கலையாகிவிட்டது. ஆனால் 1888-இல் ஈஸ்ட்மன் விற்ற முதல் கோடக் கேமராவே 100 படத்துக்கான சுருளோடு வந்தது. பொத்தானை அழுத்தினால் போதும், கழுவுவதைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். யோசிக்காமல் அழுத்தும் சுகம் செல்போனோடு பிறந்ததல்ல. அமெரிக்கத் தெருக்களைப் படமெடுத்த கேரி வினோகிராண்ட் 1984-இல் இறந்தபோது, கழுவாத ரோல்களே சுமார் 2,500 கிடந்தன. 36-ஆல் பெருக்கினால் 90,000 படம்.

அவர் மேதை, நம்மோடு ஒப்பிடலாமா என்பார்கள். சரி, வேண்டாம். ஃபிலிம் விலை கையைக் கடித்தது உண்மை. கையைக் கட்டியதும் உண்மை. கண்ணைத் திறந்தது வேறு: கான்டாக்ட் ஷீட். ஒரே தாளில் தபால்தலை போல அச்சான படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, வெட்டுப்பட்ட தலையையும் மூடிய இமையையும் பென்சிலால் அடித்தார்களே, அதுதான் படிப்பு. அதற்கு ரோல் தேவையில்லை. போனில் குவிந்திருப்பதை இன்றிரவே திறந்து, பெரிதாக்கிப் பாருங்கள். பெரியவரும் தன் போனை எடுத்து வரட்டும். பேரன் படம் மட்டும் முந்நூறுக்குக் குறையாது.