ராஜகீழ்ப்பாக்கத்தில் பேட்டரிகளின் மரணமும் மறுவாழ்வும்: ஒரு கள ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ரீசார்ஜ் பேட்டரி எப்போது சாகிறது என்ற வினாவுக்கு வேதியியல் ஒரு விடை வைத்திருக்கிறது. வீட்டுத் தலைவர் வேறொரு விடை வைத்திருக்கிறார். சில வாரங்களில் தொடங்கிப் பல ஆண்டுகள் வரை நீளும் இந்த வித்தியாசத்தை இக்கட்டுரை ‘ஒப்புதல் இடைவெளி’ எனக் குறிக்கிறது. அதன் நீளத்தைத் தீர்மானிப்பது பேட்டரிக்குள் இருக்கும் ரசாயனமன்று, அதன் பிணத்துக்குக் கிடைக்கும் விலையே என நிறுவுவது நம் நோக்கம்.

1. ஆய்வுக் களம்

ராஜகீழ்ப்பாக்கம், தாம்பரம்–வேளச்சேரி சாலையில் கேம்ப் ரோடு தாண்டியதும் வருவது. முன்பு செம்பாக்கம் நகராட்சி. 2021 முதல் தாம்பரம் மாநகராட்சி. 2012இன் மின்வெட்டு இப்பகுதி வீடுகளுக்குள் இன்வெர்ட்டரைக் கொண்டுவந்தது. 2016 டிசம்பர் 12 அன்று கரையேறிய வர்தா புயல், அந்த இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதையும், அதற்குப் பிறகு எத்தனை நாள் டார்ச் தேவைப்படும் என்பதையும் கற்பித்தது. ஆகவே இன்வெர்ட்டர், டார்ச், ரிமோட் என மூன்று தலைமுறைப் பேட்டரிகளையும் ஒரே கூரையின் கீழ் ஆராயலாம். பேட்டரி பற்றிப் பேச்செடுத்தபோது கதவைச் சாத்தாத வீடுகள் மாதிரிகளாகக் கொள்ளப்பட்டன.

2. முன்னாய்வுகள்

இத்துறையே செத்ததை அசைத்துப் பார்த்ததில் பிறந்தது. செத்த தவளையின் கால் துடித்ததைப் பற்றி இத்தாலியின் கால்வானி 1791இல் எழுதினார். துடிப்புக்குக் காரணம் தவளையன்று, அதைத் தொட்ட இருவேறு உலோகங்களே என்று வாதாடிய வோல்ட்டா 1800இல் முதல் மின்கல அடுக்கைச் செய்தார். பிரான்சின் பிளாந்தே 1859இல் ஈய-அமில பேட்டரியையும், சுவீடனின் யுங்னர் 1899இல் நிக்கல்-காட்மியம் பேட்டரியையும் தந்தனர். தமிழகத்தில் இதற்கென்றே, அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்குகிறது. அங்கே கேட்டுத் தெளிய வேண்டியதை ராஜகீழ்ப்பாக்கத்தில் மொட்டைமாடியிலேயே முடித்துக்கொள்கிறார்கள்.

3. மறுவாழ்வு முறைகள்

(அ) சூரிய சிகிச்சை: செல்லைக் கத்திரி வெயிலில், வடகத்துக்குப் பக்கத்தில் காயவைத்தல். இம்முறை பழைய டார்ச் செல்களின் காலத்தது. அவற்றில் கொஞ்சம் பலனும் இருந்தது: சூடு வேதிவினையை முடுக்கும், ஓய்வு உள்ளே தேங்கியதைப் பரவச் செய்யும். இன்றைய நிக்கல் செல்லுக்கு அதே வெயில் எமன். உள்ளிருக்கும் ஈரம் வற்றி மிச்ச ஆயுளும் குறையும். எனினும் சிகிச்சை தொடர்கிறது. வெயில் இலவசம்.

(ஆ) திருகலும் தட்டலும்: ரிமோட்டின் முதுகில் இரண்டு தட்டு, செல்லுக்கு அரைச் சுற்று. உயிர் வந்துவிடுகிறது. உண்மையில் உராய்ந்து நீங்கியது செல்முனையில் படிந்த அழுக்கு. செல் சாகவே இல்லை. தவறான மரணச் செய்தி திரும்பப் பெறப்பட்டது, அவ்வளவே.

(இ) அதிர்ச்சி வைத்தியம்: அறிவுள்ள சார்ஜர், மின்னழுத்தம் மிகக் குறைந்த செல்லைக் கெட்டதென முடிவுகட்டிச் சிவப்பு விளக்கைச் சிமிட்டும். உடனே அதைப் பழைய, அறிவில்லாத சார்ஜரில் சற்று நேரம் வைப்பார்கள். அல்லது நல்ல செல்லோடு பிளஸ்சுக்கு பிளஸ், மைனசுக்கு மைனஸ் கம்பியால் பிடிப்பார்கள். மின்னழுத்தம் ஏறியதும் அறிவுள்ள சார்ஜரும் ஏமாந்து ஏற்றுக்கொள்ளும். நிக்கல்-காட்மியத்தில் இன்னொரு விசேஷம் உண்டு: உள்ளே வளர்ந்து இரு முனைகளையும் இணைத்துவிட்ட உலோக முடியைப் பெருமின்னோட்டம் எரித்துவிடும். செல் எழுந்து உட்காரும். முடி மறுபடி வளரும்.

(ஈ) தீர்த்தம்: இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டருக்குப் பதிலாக ஏசியிலிருந்து சொட்டும் நீரை ஊற்றுதல். காற்றின் தூசியும் ஏசிக் குழாயின் உலோகமும் அதில் கலந்திருக்கும் என்ற ஆட்சேபணை, பக்கெட் நிரம்பியிருப்பதைச் சுட்டிக்காட்டி நிராகரிக்கப்படுகிறது. தகடுகளில் இறுகிப்போன ஈய சல்பேட் எந்தத் தீர்த்தத்துக்கும் கரைவதில்லை.

லித்தியம்-அயான் பேட்டரி இவ்வாய்விலிருந்து விலக்கப்பட்டது. அளவு மீறி வடிந்தால் அதனுள் செம்பு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். ஆய்வு முடியும்வரை ஆய்வாளர் இருப்பது அவசியம்.

4. பதவியிறக்கக் கோட்பாடு

எழுப்பப்பட்ட செல்லின் கதி என்ன? கேமரா ஃபிளாஷ் கேட்கும் மின்னோட்டத்தை அதனால் தர முடியாது, உள்தடை ஏறிவிட்டது. எனவே பொம்மைக் காருக்கும், அங்கிருந்து ரிமோட்டுக்கும், கடைசியில் சுவர்க் கடிகாரத்துக்கும் அனுப்பப்படுகிறது. கடிகாரம் கேட்பது மிகச் சொற்பம் என்பதால் அங்கே அது பல மாதம் பணியில் இருக்கும். கடிகாரமும் நின்றபின் சேர்வது மேசை இழுப்பறை. அங்கே நல்ல செல்லோடு கலந்து, அவசரத்துக்கு டார்ச்சில் ஜோடி சேர்க்கப்படுகிறது. வலுவுள்ளது வலுவிழந்ததை எதிர்த்திசையில் தள்ள, வலுவிழந்தது முழுதாகக் கெடுகிறது. இதன்பின்னும் குப்பைக்கு அனுப்ப எவரும் கையெழுத்திடுவதில்லை.

5. பிணத்தின் விலை

இதே வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி பலவீனமானால் என்ன நடக்கிறது? தீர்த்தம் ஒருமுறை, பலிக்காவிட்டால் மறுநாளே கடைக்குப் போன். பழையதைக் கொடுத்தால் எடை பார்த்து விலையில் கழிக்கிறார்கள். உள்ளே இருப்பது ஈயம், உருக்கினால் மறுபடி ஈயம். அதன் மரணத்தைக் குடும்பம் வியக்கத்தக்க நிதானத்தோடு ஏற்றுக்கொள்கிறது. காசு பெறாத பென்சில் செல்லோ சிரஞ்சீவி.

அரசும் இதே வரிசையில்தான் நடந்தது. இந்தியாவின் 2001ஆம் ஆண்டு பேட்டரி விதிகள் ஈய-அமில வகையை மட்டுமே கருதின. எல்லா வகைக்கும், பென்சில் செல் உட்பட, திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைத்த விதிகள் 2022 ஆகஸ்டில்தான் வந்தன. பென்சில் செல்லும் சாகும் என்பதை ஒப்புக்கொள்ள அரசுக்கே 21 ஆண்டு கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கிறது. ஓய்வுபெற்ற ஒரு குடும்பத் தலைவரை அவசரப்படுத்துவது நியாயமாகாது.

6. பரிந்துரை

விழிப்புணர்வுப் பேரணி, துண்டறிக்கை ஆகியவை பயன் தரா. இழுப்பறையில் கிடக்கும் காட்மியம் விஷம் என்று சொன்னால், இழுப்பறையைப் பூட்டி வைப்பார்கள். செல் ஒன்றுக்கு ஒரு ரூபாய் என்று காயலான் கடையில் எழுதிப் போட்டால் போதும்: வரும் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் ராஜகீழ்ப்பாக்கத்தின் அத்தனை செல்களும் ஒருமிக்கக் காலமாகிவிடும், சுவர்க் கடிகாரத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருப்பவை உட்பட.