சென்சஸ் டீச்சரைச் சமாளிப்பது எப்படி?

1881 முதல் 2011 வரை பத்து வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்த சென்சஸ், கொரோனாவில் நின்றுபோய், இப்போது 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாக அறிவித்துக்கொண்டு வருகிறது. இத்தனை நாள் கழித்து வருபவரைச் சும்மா அனுப்பலாமா? கணக்கை வாசலிலேயே குழப்பிவிடச் சில யோசனைகள்.

வருகிறவர் பெரும்பாலும் பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர்தான். 2011-ல் இப்படிச் சுமார் 27 லட்சம் பேர் வெயிலில் அலைந்தார்கள். நீங்கள் அவரை வருமான வரி அதிகாரி என்றே நினைத்துக்கொள்ளுங்கள். கார் மச்சானுடையது, டிவி ரிப்பேர் என்று சொல்லுங்கள். நாம் சொன்ன விவரத்தை யாரும் கேட்டுவாங்கிப் பார்க்க முடியாது என்கிறது 1948-ஆம் வருடச் சென்சஸ் சட்டத்தின் 15-வது பிரிவு. அதை மட்டும் படித்துவிடாதீர்கள், பயம் தெளிந்துவிடும்.

கௌரவம்தான் பெரிது என்பவர்களுக்கு வேறு வழி. தெருமுனையில் குடத்தோடு வரிசையில் நிற்பதை மறைத்து, ‘வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கு’ என்று சொல்லுங்கள். அட்டவணையில் உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்துவிடும். அப்புறம் குழாய் கேட்டு கலெக்டருக்கு மனு எழுதும்போது, அந்த அட்டவணையையும் இணைத்துக்கொள்ளலாம்.

அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தால்தான் உண்மையான சிக்கல். சென்சஸ்காரர்களுக்குக் குடும்பம் என்றால் ரத்தம் இல்லை, சமையல். ஒன்றாக வசித்து ஒரே சமையலில் சாப்பிட்டால் ஒரு குடும்பம். அடுப்பு இரண்டானால் குடும்பமும் இரண்டு. மருமகள்கள் இரண்டு பேரும் போன பொங்கலிலிருந்து பேசிக்கொள்வதில்லை என்பதை அரசாங்கத்துக்குச் சொல்வதாவது! ‘எல்லாம் ஒரே உலைதான் டீச்சர்’ என்று மாமியார் சொல்லட்டும். உள்ளே இரண்டு குக்கரும் சேர்ந்து விசிலடித்தால் பலமாக இருமச் சொல்லுங்கள்.

வயது கேட்டால், ‘ஒரு ஐம்பது போட்டுக்கோங்க’. 47, 53 எல்லாம் நமக்கு ராசியில்லாத எண்கள். நம் நாட்டு வயது அட்டவணையில் 0-விலும் 5-லும் முடிகிற வயதுகளில் மட்டும் கூட்டம் பிதுங்கும். அந்தப் பிதுக்கத்தை அளக்கவே புள்ளியியல்காரர்கள் தனிச் சூத்திரம் வைத்திருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பிலும் மண் போட வேண்டாம்.

தாத்தா பெயரைச் சொல்லப் பாட்டி மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். வழக்கம் தடுத்தால் கணவன் பெயரைப் பெண் சொல்ல வேண்டியதில்லை என்று 8-வது பிரிவே விலக்கு தந்திருக்கிறது. இந்தக் கட்டுரையில் சட்டப்படி செல்லுபடியாகும் யோசனை இது ஒன்றுதான்.

பெங்களூரில் வேலை பார்க்கும் பையனை இங்கேயும் எழுதச் சொல்லுங்கள். அங்கேயும் எழுதுவார்கள், எழுதட்டும்.

‘இதெல்லாம் எதற்கு?’ என்று கேட்கவும் மறக்காதீர்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி எத்தனை பேருக்கு ரேஷன் என்று முடிவு செய்தது 2011 கணக்கை வைத்துத்தான், அதற்குப் பிறகு பிறந்தவர்கள் அதில் இல்லை என்று டீச்சர் விளக்க ஆரம்பிப்பார். அந்த நேரம் பார்த்துச் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு அதிகமில்லை. தெரிந்தே பொய் சொன்னால் 11-வது பிரிவின்படி ஆயிரம் ரூபாய் வரை அபராதம். சுவரில் எழுதிப்போன எண்ணை அழித்தாலும் அதே ஆயிரம். டீச்சருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தால் அபராதம் கிடையாது.