உயிர் போகாத 1967

ஜாக்கி ஸ்டூவர்ட் தன் பந்தயக் காரின் ஸ்டியரிங் தண்டோடு ஒரு ஸ்பானரை டேப் சுற்றி ஒட்டிவைத்திருந்தார். 1966 ஜூனில் ஸ்பாவில் நடந்த பெல்ஜியம் கிராண்ட் பிரீ அவரை அப்படிச் செய்யவைத்தது. ஸ்பா அப்போது 14 கிலோமீட்டர் நீளமுள்ள ஊர்ச்சாலை. புறப்பட்ட இடத்தில் தரை காய்ந்திருந்தது. சில கிலோமீட்டர் தள்ளி மழை கொட்டிக்கொண்டிருந்தது. முதல் சுற்றிலேயே பல கார்கள் சாலையை விட்டுப் பறந்தன. ஸ்டூவர்ட்டின் பி.ஆர்.எம். கார் நசுங்கியதில் அவர் உள்ளே மாட்டிக்கொண்டார். உடம்பெல்லாம் பெட்ரோல். ஒரு பொறி பட்டால் போதும். பக்கத்திலேயே சறுக்கி விழுந்திருந்த கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரண்டும் ஓடிவந்தார்கள். ஸ்டியரிங்கைக் கழற்றினால்தான் ஆளை வெளியே எடுக்க முடியும். கழற்ற ஸ்பானர் இல்லை. பந்தயம் பார்க்க வந்த ஒருவரிடம் வாங்கிக் கழற்றி, ஆளை மீட்பதற்குள் ஏறக்குறைய 25 நிமிடம் ஓடிவிட்டது.

அதன்பிறகு ஸ்டூவர்ட் ஓயவில்லை. சாலையோரம் தடுப்பு வேண்டும், மரங்களை மறைக்க வேண்டும், மருத்துவரும் தீயணைப்பு ஆட்களும் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கோழை என்று பேசியவர்களும் உண்டு. 1969இல் ஓட்டுநர்கள் ஸ்பாவுக்கு வர மறுத்தார்கள். 1970இல் ஜெர்மனியின் நூர்பர்கிரிங்குக்கும் அப்படியே மறுத்தார்கள். பழைய ஸ்பா பாதியாகச் சுருங்கி, 1979இல் ஏழு கிலோமீட்டர் தடமாக மாறியது.

ஸ்டூவர்ட் மூடவைத்த அந்தப் பழைய ஸ்பாவில்தான் என் இளமையின் பல இரவுகள் கழிந்தன. 1998இல் அமெரிக்காவின் பாப்பிரஸ் நிறுவனம் உருவாக்கிய 'கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்' என்ற கணினி விளையாட்டு வெளிவந்தது. பர்மா பஜார் வழியாக அது சென்னைக்கும் வந்தது. சிங்கப்பூரிலிருந்து நண்பன் ஒருவன் கொண்டுவந்த ஸ்டியரிங்கை மேசை விளிம்பில் திருகி மாட்டி, வீடு அடங்கியபிறகு உட்காருவோம். எந்தச் சுவரும் கம்பமும் பள்ளமும் தன்னைக் கொல்லும் என்று ஸ்டூவர்ட் கைநீட்டிக் காட்டினாரோ, அவற்றையெல்லாம் திரும்பக் கொண்டுவந்து வைத்ததற்காகவே அந்த விளையாட்டைக் கொண்டாடினோம். அன்று ஓட்டியவர்கள் ஒழிக்கப் போராடியதை முப்பது ஆண்டு கழித்து நாங்கள் காசு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டோம். இந்த முரண் என்னை இன்றுவரை விடவில்லை.

பாப்பிரஸ் எடுத்துக்கொண்டது 1967ஆம் ஆண்டின் பந்தயப் பருவம். அதைவிட நல்ல தேர்வு இருந்திருக்க முடியாது என்றே இன்றும் நினைக்கிறேன். இன்ஜின் அளவு 3 லிட்டர் என்று விதி மாறி ஓராண்டுதான் ஆகியிருந்தது, ஆற்றல் எகிறிவிட்டது. ஜூன் 4 அன்று நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட்டில் லோட்டஸ் 49 கார் முதன்முதலாகப் பந்தயத்துக்கு வந்தது. கீத் டக்வொர்த் வடித்த காஸ்வொர்த் டி.எஃப்.வி. இன்ஜின் ஏறக்குறைய 400 குதிரைத்திறன் தந்தது. வண்டியின் முதுகெலும்பே அந்த இன்ஜின்தான். பின்சக்கரங்களைத் தாங்கும் பாகங்கள் அதன்மேலேயே பூட்டப்பட்டிருந்தன. முதல் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க் வென்றார். ஆனால் வண்டியைத் தரையோடு அழுத்தும் இறக்கைகள் இன்னும் வரவில்லை. அவை மறு ஆண்டுதான் முளைத்தன. டயரும் அகலமில்லை. இன்ஜின் கொடுப்பதைத் தரையில் இறக்க வழியில்லை. மிச்சத்தை ஓட்டுபவரின் வலது பாதம்தான் அளந்து கொடுக்க வேண்டும்.

பின்னால் வந்த காலங்களில் இறக்கையும் கணினியும் அந்தப் பாதத்தின் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டன. 1967 காரில் திருப்பத்துக்குள் நுழைந்தபிறகு ஸ்டியரிங் பாதி வேலைதான் செய்யும். ஆக்சிலேட்டரைச் சற்றே விட்டால் முன்பக்கம் உள்ளே இழுக்கும், சற்றே மிதித்தால் பின்பக்கம் வெளியே தள்ளும். இரண்டுக்கும் நடுவில் வண்டி நாலு சக்கரத்திலும் வழுக்கியபடியே போகும். பாப்பிரஸின் டேவ் கேமர் அந்த வழுக்கலைத்தான் கணக்காக எழுதினார். புதிதாக உட்காருகிறவர்கள் எல்லோருக்கும் முதல் திருப்பத்திலேயே வண்டி சுற்றி நின்றுவிடும். வாங்கியவர்களில் பலர் எரிச்சலோடு அதை மூடிவைத்தார்கள். விற்பனையும் எதிர்பார்த்தபடி இல்லை. மூடாமல் இருந்தவர்கள் பல ஆண்டுகள் அதை விடவே இல்லை. கேமர் பின்னால் ஐரேசிங் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். இன்று உண்மையான பந்தய வீரர்களே பயிற்சிக்கு உட்காரும் மென்பொருள் அது. கடினம் என்று ஒதுக்கப்பட்ட ஒரு விளையாட்டிலிருந்து கிளைத்தது.

உரிமம் கிடைக்காததால் அதில் ஹோண்டாவுக்கு 'முராசாமா' என்றும் கூப்பருக்கு 'கோவென்ட்ரி' என்றும் பெயர் வைத்திருந்தார்கள். எங்களில் யாரும் அந்தப் பெயர்களைச் சொன்னதே கிடையாது.

1967இன் பந்தயம் எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்கு நான் செப்டம்பர் மாத மொன்ஸாவைத்தான் சொல்வேன். முன்னணியில் போய்க்கொண்டிருந்த கிளார்க்கின் டயர் பழுதானது. மாற்றிக்கொண்டு வருவதற்குள் முழுசாக ஒரு சுற்று பின்தங்கிவிட்டார். இன்று அப்படி ஒருவர் பின்தங்கினால் கேமரா அவர் பக்கமே திரும்பாது. கிளார்க் ஒவ்வொருவராகத் தாண்டி, அந்த ஒரு சுற்றை மீட்டு, மறுபடி முதலிடத்துக்கே வந்துவிட்டார். கடைசிச் சுற்றில் இன்ஜினுக்குப் பெட்ரோல் எட்டவில்லை. திணறிய வண்டியை ஜான் சர்டீஸின் ஹோண்டாவும் ஜாக் பிராபமும் தாண்டினார்கள். கடைசித் திருப்பத்தில் இருவரும் மோதாத குறை, சர்டீஸ் 0.2 வினாடியில் வென்றார். கிளார்க்குக்கு மூன்றாமிடம். அந்த ஆண்டின் சாம்பியனோ மூவரும் இல்லை, ஆரவாரம் பிடிக்காத நியூசிலாந்துக்காரர் டென்னி ஹல்ம்.

அடுத்த ஆண்டைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. 1968 ஏப்ரல் 7 அன்று ஹாக்கன்ஹைமில், மரங்களுக்கு நடுவே, கிளார்க் இறந்தார். மே 7 அன்று இண்டியானாபொலிஸில் மைக் ஸ்பென்ஸ். ஜூன் 8 அன்று ஒரு மலைப்பாதைப் பந்தயத்தில் லுடோவிகோ ஸ்கார்ஃபியோட்டி. ஜூலை 7 அன்று ரூவானில் ஜோ ஷ்லெஸர். மாதம் ஒருவர். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம்தான் மொனாக்கோவில் லொரென்ஸோ பாண்டினி வைக்கோல் கட்டுகளில் மோதித் தீயில் சிக்கி, மூன்று நாள் கழித்து இறந்திருந்தார். வைக்கோலைப் பாதுகாப்புக்கென்றுதான் அடுக்கியிருந்தார்கள்.

பிரெஞ்சு பந்தயம் 1967இல் உண்மையில் நடந்தது லெ மான் ஊரின் சின்னத் தடத்தில். விளையாட்டுக்கு அது சுவையில்லை என்று அதை எடுத்துவிட்டு ரூவானை வைத்திருந்தார்கள். ஷ்லெஸர் இறந்தது அங்கே என்று தெரிவதற்கு முன்பே அந்தச் சரிவான சாலை எனக்கு மனப்பாடம். தெரிந்தபிறகு அங்கே ஓட்டும்போது கால் தானாக முன்கூட்டியே பிரேக்குக்குப் போனது. பழைய காலத்தைத் திரும்பப் படைக்கிற விளையாட்டிடம் நான் எதிர்பார்ப்பது இந்த மாற்றத்தைத்தான். சுவரில் மோதினால் ஒரு பொத்தானை அழுத்தி மறுபடி தொடங்கலாம் என்பது நமக்குக் கிடைத்த பெரிய வரம். யாரும் சாகாமல் 1967இன் அழகை நாம் தொட முடிகிறது. ஆனால் அந்தப் பொத்தான் அன்று ஓட்டியவர்களிடம் இல்லை என்பதையும் விளையாட்டு எங்காவது உணர்த்த வேண்டும். அவர்களின் வாழ்க்கையையும் அந்த ஆண்டுகளின் நடப்பையும் கூடவே சொல்ல வேண்டும். சுற்று நேரப் பட்டியல் மட்டும் போதாது.

என்னைக் கேட்டால் அடுத்து எடுக்கவேண்டியது 1955இன் மில்லெ மிலியா. இத்தாலியில் பிரெஷியாவில் புறப்பட்டு ரோம் வரை போய்த் திரும்பும் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் பொதுச்சாலை. ஸ்டிர்லிங் மாஸ் மெர்சிடிஸ் காரில் 10 மணி 7 நிமிடம் 48 வினாடியில் முடித்தார். பக்கத்து இருக்கையில் டெனிஸ் ஜென்கின்சன் என்ற பத்திரிகையாளர். ஒவ்வொரு திருப்பத்தையும் முன்பே எழுதி, நீளக் காகிதச் சுருளாக ஒரு பெட்டிக்குள் சுற்றி வைத்திருந்தார். சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் கைச்சாடையில் சொல்லிக்கொண்டே வந்தார். மேட்டுக்கு அப்பால் சாலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியாத இடத்தில், பக்கத்தில் இருப்பவரின் விரலை நம்பி மாஸ் ஆக்சிலேட்டரை மிதித்தார். ஒருவர் ஓட்ட, ஒருவர் சுருளைப் படிக்க என்று இருவர் சேர்ந்து ஆட எத்தனை அருமையான விளையாட்டு அது! 1957இல் ஒரு கோர விபத்தில் கூட்டத்தினரும் பலியானதோடு அந்தப் பந்தயம் நின்றது. எண்பதுகளின் குரூப் பி ராலியும் அப்படித்தான். ஹென்றி டோய்வொனனும் செர்ஜியோ கிரெஸ்டோவும் 1986இல் கார்சிகாவில் இறந்தபிறகு முடிந்துபோனது. ஆனால் அதற்கு விளையாட்டுகள் நிறைய வந்துவிட்டன.

இப்போது என் மகன் ஓட்டுகிறான். அவனுடைய ஸ்டியரிங் கையை முறுக்குகிறது, பிரேக் மிதி காலைத் திருப்பித் தள்ளுகிறது. லேசரால் அளந்தெடுத்த தடங்களில் சாலையின் ஒட்டுத் தழும்புகூட இருக்கும் இடத்தில் இருக்கிறது. 'அசெட்டோ கோர்ஸா' என்ற விளையாட்டில் 1967இன் சில்வர்ஸ்டோன் தனியாக இருக்கிறது; லோட்டஸ் 49ஐ எடுத்துக்கொண்டு அங்கேதான் அதிகம் போகிறான். இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளம் அது. போர் முடிந்தபிறகு பந்தயக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

"இந்த மாதிரி ஒண்ணு நம்ம ஊர்லயும் இருந்துச்சுன்னு சொல்வீங்களேப்பா, அது எதுல வருது?" என்று ஒருநாள் கேட்டான்.

எதிலும் வரவில்லை.

சோழவரமும் அதே போரில் பிறந்த ஓடுதளம்தான். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. மெக்கானிக்காக இருந்த என் மாமா செங்குன்றம் தாண்டி ஜி.என்.டி. ரோடு வழியாக என்னை அழைத்துப்போவார். வெயில், தூசி, கான்கிரீட், எரிந்த ஆமணக்கெண்ணெயின் வாசனை. "வண்டியப் பாக்காதடா, சத்தத்தக் கேளு. எவன் எப்ப கால எடுக்கறான்னு அதுல தெரியும்" என்பார். ஃபியட் 1100, அம்பாஸடர், ஹெரால்டு, வீட்டுப் பட்டறையில் கட்டிய ஃபார்முலா வண்டிகள், புல்லட், யெஸ்டி. வெளிநாட்டு உதிரிபாகத்துக்கு லைசென்ஸ் கிடைக்காத காலம். இருக்கிற இன்ஜினின் ஹெட்டைச் சீவி கம்ப்ரஷன் ஏற்றுவார்கள், வால்வு வழியை அரத்தால் ராவி அகலமாக்குவார்கள், எங்கிருந்தோ தேடிப்பிடித்த இன்னொரு கார்பரேட்டரை மாட்டுவார்கள். எந்த ஊர்ப் பட்டறைக்காரர் எந்த இன்ஜினில் என்ன செய்திருக்கிறார் என்பதே அரங்கத்தின் பேச்சு.

ஒரு நல்ல சிமுலேட்டருக்கு வேண்டிய எல்லாமே அங்கே இருந்தது. மெட்ராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பின்னச்சு, திருப்பத்தின் நடுவில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் சக்கரத்தை உள்ளே மடித்து வண்டியைத் தூக்கிவிடும். அதை அறிந்து ஓட்டியவர்கள் இருந்தார்கள். ஓடுதளம் ஏற்ற இறக்கமில்லாத வெட்டவெளி. எங்கே பிரேக் பிடிப்பது என்று குறிவைக்க ஒரு மரம்கூட இருக்காது. தூரத்தைக் கண்ணால் அல்ல, பழக்கத்தால் அளக்க வேண்டும். 400 குதிரைத்திறன் இல்லாமலேயே, இருக்கும் சொற்ப ஆற்றலை ஒரு துளி சிந்தாமல் காப்பாற்றிக்கொண்டு போகும் பந்தயம். இன்றைய விளையாட்டுகளில் அந்த வகை மிகக் குறைவு. பட்டறையும் விளையாட்டின் பாதியாக இருக்கலாம்: இன்ன பாகம் கிடைக்கிறது, இன்னது கிடைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி தயாராகி நிற்க வேண்டும்.

1990இல் கிளப்புக்கு இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் அமைந்தது. நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார், கருண் சந்தோக் 2010இல் போனார். 2024இல் தீவுத்திடலைச் சுற்றி மின்விளக்கு வெளிச்சத்தில் கார்கள் பறந்தன. நமக்கு வேகத்தின் மேல் ஆசை குறையவே இல்லை. ஆனால் நடு இங்கிலாந்தின் ஓடுதளத்தை என் மகனால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்ட முடிகிறது. செங்குன்றத்துக்கு அப்பால் இருக்கும் ஓடுதளத்தில் எந்த இடத்தில் கியர் மாற்றினார்கள் என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை.

கணினியில் தடம் செய்யத் தெரிந்த பிள்ளைகள் இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் வேண்டுவது இதைத்தான்: சோழவரத்தில் ஓட்டியவர்களும் பட்டறையில் நின்றவர்களும் இப்போது எழுபதையும் எண்பதையும் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். கூம்பு எங்கே வைத்தார்கள், வைக்கோல் கட்டு எங்கே கிடந்தது, கான்கிரீட்டின் எந்தப் பலகை இணைப்பில் வண்டி குதிக்கும் என்பதெல்லாம் அவர்கள் தலைக்குள் இருக்கிறது. வீட்டு ஆல்பங்களில் படங்கள் இருக்கின்றன. பழைய கார் ஆர்வலர்களிடம் ஓடுகிற ஹெரால்டும் ஃபியட்டும் இன்னும் இருக்கின்றன. ஒரு காலை நேரம் கேட்டு வாங்கி, அந்தச் சத்தத்தை ஒழுங்காகப் பதிவு செய்யுங்கள். இன்ஜினை முழுவேகத்தில் ஏற்றி, காலை எடுத்து, மறுபடி ஏற்றி.